பணத்தோடு வரும் பெயர்

நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டிலிருந்து கருவாடு கொண்டு வந்து விற்பவரை ஒக்டோபர் மாத இரண்டாவது சனிக்கிழமை, ஒஸ்லோவின் குரோருட் பகுதிக் கார் தரிப்பிடத்தில் சந்தித்தேன். ஒடிசலான, உயரமான மனிதர். காதை மூடிய கம்பளித் தொப்பி. அடுக்குமாடிகளுக்கிடையில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மூலையில் தன் வான் வண்டியை நிறுத்தியிருந்தார். வாங்குபவர்கள் போனிலிருந்து பணம் அனுப்ப, அவருடைய போனில் தொகையும் அனுப்பியவரின் முழுப்பெயரும் விழும். அவர் பெயரை மட்டும் வாய்விட்டு வாசிப்பார்.

"என்ன அண்ணை, பள்ளிக்கூடத்திலை மாதிரி இடாப்புக் கூப்பிடுறியளோ?" என்றேன்.

"என்ரை தம்பி ஒஸ்லோவிலைதான் இருக்கிறான். இருபது வருசமாய் என்னோடை கதையில்லை. கருவாடெண்டால் அவனுக்கு உயிர். ஒருநாள் வாங்குவான், பேர் விழும்." தம்பியின் பெயரையும் சொன்னார். அரிதான பெயர்.

அடுத்ததாக ஓர் இளம்பெண் பணம் அனுப்பினாள். அவர் வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றார். இங்கே நம் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயர். எட்டிப் பார்த்தேன். அவள் பெயருக்குப் பின்னால் இருந்தது தம்பியின் பெயர்.

"அப்பா சுகமோ, பிள்ளை?"

"ஓம். அப்பாவைத் தெரியுமோ, அங்கிள்?"

"முந்தித் தெரியும்."

அவள் பையில் இன்னொரு பொதியை வைத்து அனுப்பினார்.

"பெரியப்பா எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

அவர் போன் திரை மங்கும்போதெல்லாம் விரலால் தொட்டு, அந்தப் பெயரை மறையவிடாமல் வைத்திருந்தார். வரிசையில் அடுத்து நின்றவர் பணம் அனுப்பப் போனை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் கருவாட்டுக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.