அம்மா சாட்சி சொல்லாத வழக்கு

எங்கள் குடும்பம் ஒரு டாக்டர் மேல் வழக்குப் போட்டது. பிறகு நாங்களே அதை வாபஸ் வாங்கிக்கொண்டோம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், அக்கா வீட்டுக்காரர் டாக்டரிடம் பணம் வாங்கிக்கொண்டு பெண்டாட்டி சாவை விற்றுவிட்டார் என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த வருஷமே அவர் நிலத்தில் தண்ணீருக்குப் போர் போட்டது ஊர் வாய்க்கு நல்ல தீனியாகப் போய்விட்டது. அம்மா இருந்தவரை என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. இப்போது அம்மா இல்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். கொல்லைப்புறம் போனால் கல்வராயன் மலை எதிரே நிற்கும். அக்காவைத் தியாகதுருகத்தில் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்தவளுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு நர்சிங் ஹோமில் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. வீட்டுக்கு வந்து படுத்தவளுக்கு இடது கால் மட்டும் வீங்க ஆரம்பித்தது. அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, வண்டி கிடையாது. அக்கா வீட்டுக்காரரான மாமாவும் அவர் ஊர்க்காரர்களோடு மரம் வெட்டப் போனவர்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மறைத்துவிட்டாள் என்று என்னைச் சொல்லக் கூடாது.

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் விட்ட அன்றைக்கே மாமா வந்து அக்காவை அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அத்தனை நாளும் வர முடியாதவர்கள் எல்லாரும் அன்றைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள், கால் வைக்க இடமில்லை. டாக்டர் அக்காவின் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கச் சொல்லவில்லை. இன்னொரு காலோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. "படுத்தே இருந்தா இப்படித்தாம்மா. நரம்பு பிடிச்சிருக்கும். தைலம் போட்டு நல்லா நீவி விடச் சொல்லுங்க" என்றார். பேசும்போதே அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார். எனக்கு அந்த மணிமேல்தான் இன்னும் கோபம்.

நீவி விடுவதென்றால் அம்மாவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு பிடித்துவிடுவது எங்கள் பக்கத்தில் பத்தியச் சோறு மாதிரி, கட்டாயம். அதில் அம்மாவின் கைக்குத் தெருவில் தனிப் பெயர். விளக்கெண்ணெயைச் சூடுபண்ணிக்கொண்டு உட்கார்ந்து, பாதத்திலிருந்து தொடை வரைக்கும் மேல்நோக்கி இழுத்து இழுத்து நீவுவாள். "டாக்டரே சொல்லிட்டாரு, இன்னும் இன்னா" என்று காலையும் மாலையும் நீவினாள். அக்காவும் "இதமா இருக்குதும்மா" என்று கண்ணை மூடிக்கொள்வாள். அந்த இதம் பொய்யில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவள் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி அப்படியே சரிந்தாள். அப்பாவும் மாமாவும் வேன் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. காலில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது, அது மேலே போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்று அங்கே சொன்னார்கள். முன்னாலேயே வந்திருந்தால் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டிருப்போம் என்றும் சொன்னார்கள். கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த அம்மாவிடம் அப்பா மாரடைப்பு என்று மட்டும் சொன்னார். டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை, அதனால்தான் போய்விட்டாள் என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்.

மாமா விடவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலைப் பிடித்தார். நஷ்ட ஈடு என்று காகிதத்தில் எழுதித்தான் ஆகவேண்டும், எழுதினார்கள். மாமாவுக்கு அந்த டாக்டர் கோர்ட்டில் நின்று "நான் பார்க்கத் தவறிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் கடலூரில் ஒரு வயதான டாக்டரிடம் யோசனை கேட்டுவந்தார். பிரசவத்துக்குப் பிறகு ரெண்டு காலும் வீங்கினால் பெரும்பாலும் பயமில்லை, ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டும் என்றாராம் அவர். மாமா அன்று முழுக்க என்னிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு காலுதானேம்மா வீங்குச்சு. நீயும்தானே பாத்த."

பிறகு டாக்டர் தரப்பிலிருந்து பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அப்பா என்னையும் வக்கீல் ஆபீசுக்கு அழைத்துப் போனார். வக்கீலே எழுத்துக்கூட்டாத குறையாக மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னார். நீவச் சொல்லி டாக்டர் சொல்லவே இல்லையாம். இறந்தவரின் தாயார் அறியாமையால் வீங்கிய காலை அழுத்தி நீவியதால்தான் உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போனதாம்.

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா மட்டும், "நெஜமா சார்?" என்று கேட்டார்.

"நீவாம இருந்தாலும் போயிருக்கலாம். கடலூர் டாக்டரும் அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டாரு. ஆனா உங்க மாமியாரக் கூண்டுல ஏத்தி அவங்க இதத்தான் கேப்பாங்க. நாம கூப்பிடலன்னாலும் அவங்க கூப்பிடுவாங்க" என்றார் வக்கீல். காகிதத்தை மடித்துவைத்துவிட்டு, "நீவலன்னு சொல்லச் சொல்லுங்களேன்" என்றார்.

"எதுக்கு அப்படிச் சொல்லணும்னு கேப்பாளே சார். நான் இன்னான்னு சொல்றது?" என்றார் அப்பா.

மாமாவுக்கு வழக்கை விட மனசு வரவில்லை. எப்படியாவது பக்குவமாகச் சொல்லிக் கூட்டிவருகிறேன் என்று மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா இலை போட்டுச் சோறு பரிமாறினாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் தொடங்கிவிட்டாள். "கோர்ட்டுக்கு நான் வரேங்க மாப்ள. எனக்கு இன்னா பயம்? அந்த டாக்டரு தொட்டுக்கூட பாக்கல, என் பொண்ணு கால கடேசி வரைக்கும் நீவி விட்டவ நான்னு சொல்றேன். நான் பண்ண அந்த ஒண்ணுதாங்க அவளுக்கு சொகமா இருந்துச்சு. அத நெனச்சிக்கினுதான் நானே ஒரு வா சோறு திங்கிறேன்."

மாமா பிசைந்த சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "குழம்பு பத்தலையா மாப்ள?" என்று கேட்டாள் அம்மா. "போதுங்கத்த" என்றார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டார். அந்த வாரமே வழக்கு வாபஸ் ஆனது.

அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். சாட்சி சொல்லச் சேலையெல்லாம் எடுத்துவைத்திருந்தவள் அவள். எதற்காக வாபஸ் என்று கேட்டால் அப்பா மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விடுவார். மாமா தலையைக் குனிந்துகொள்வார். அப்புறம் அந்தப் போர் வேறு. சொஸைட்டியில் கடன் வாங்கிப் போட்டது என்று எனக்குத் தெரியும், அம்மா நம்பவில்லை. மாப்பிள்ளை என்ற மரியாதை அன்றோடு போயிற்று, 'இவன்' ஆகிவிட்டார். குழந்தை எங்கள் வீட்டில் வளர்ந்ததால் மாமா மாதாமாதம் வருவார். அம்மா ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவரும் அதை ஒரு சொட்டு விடாமல் குடிப்பார். அந்த டாக்டர் மாடி எடுத்து நர்சிங் ஹோமைப் பெரிதாக்கினார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அதைவிட ஆறாதது மாமா குடித்த அந்தத் தண்ணீர்.

சில வருஷம் கழித்து நானும் தலைப்பிரசவத்துக்கு அதே வீட்டுக்கு வந்தேன். பிள்ளை பிறந்த பிறகு எனக்கும் கால் வீங்கியது. ரெண்டு காலும். பயமில்லை என்று எனக்குத் தெரியும், டாக்டரம்மாவும் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது நான் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். காலை நீட்டினேன். அவள் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தாள்.

அப்போதுதான் மாமா பழப்பையோடு என்னைப் பார்க்க வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் பார்வை அம்மாவின் கையை விட்டு நகரவில்லை.

"ஒரு காலாம்மா, ரெண்டு காலுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் மாமா" என்றேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். பையை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கால பத்தி இவனுக்கு இன்னாடி தெரியும்?" என்றாள் அம்மா, அவருக்குக் கேட்கவேண்டும் என்றே. "பொண்டாட்டிய வித்துத் தின்னவன். உங்க அக்கா கால நீவுன கைடி இது."

மாமா வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் அடுத்த காலையும் எடுத்து அம்மா மடியில் வைத்தேன்.