ஆறாவது ஜோடி

1959 ஏப்ரல் என்று தேதியிட்ட ஒரு சுற்றறிக்கை என்னிடம் இருக்கிறது. கொடைக்கானல் ஏரிப் பக்கம் அப்போது இருந்த ஒரு கிளப் அனுப்பியது. கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். மே மாத சீசனில் நடக்கும் பால்ரூம் நடனப் போட்டிக்கான விதிகள் ஆங்கிலத்தில் தட்டச்சாகியிருக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் தமிழில் தருகிறேன். ஆறு ஜோடிகளாவது தளத்தில் இறங்கினால்தான் கோப்பை வழங்கப்படும். அடுத்தடுத்து மூன்று வருடம் வெல்லும் ஜோடிக்குக் கோப்பை நிரந்தரமாகச் சொந்தம். கோப்பை வழங்கப்படாத வருடம் நடுவில் வந்தால் முதலிலிருந்து வென்று வர வேண்டும்.

முதல் தடவை படித்தபோது இவை எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆறு வருடம் கழித்து இந்த இரண்டு விதிகளையும் வைத்துத்தான், ஏறக்குறைய தன் வீட்டு அலமாரிக்குப் போய்விட்ட கோப்பையை ஒரு மனிதர் இழக்கும்படி செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன். வருத்தம் தெரிவிப்பதற்காக எழுதவில்லை.

நான் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பியானோ வாசிக்கிற டீச்சர். சனிக்கிழமை நடன வகுப்புக்கும் நான்தான் வாசிக்க வேண்டும். வாசித்துக்கொண்டே பிள்ளைகளின் கால்களைப் பார்த்துப் பார்த்து வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. என் கணவர் உருளைக்கிழங்கு ஏஜென்ட். மலையில் விளைந்ததை லாரியேற்றி, வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் அனுப்புவார். கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஆங்கிலோ-இந்திய ரயில்வே நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் அவர்களிடம் ஆடக் கற்றிருந்தார். ஊருக்குள்ளேயே மூஞ்சிக்கல்லில், கிழங்கு மூட்டைகளை வைக்கும் அவருடைய கிட்டங்கிக்குப் பலகைத் தரை. கிழங்கு வரத்து இல்லாத மாதங்களில் சாக்குகளை ஓரமாக அடுக்கிவிட்டு, கிராமபோனைச் சுற்றிவிட்டு ஆடுவோம். சாக்குத் தூசியில் தும்மிக்கொண்டே குவிக்ஸ்டெப் ஆடிய ஜோடி தென்னிந்தியாவில் நாங்கள் மட்டுமாகத்தான் இருந்திருப்போம்.

1959 மே மாதப் போட்டிக்கு எங்களை அழைத்தவர் அந்த கிளப்பில் உறுப்பினராக இருந்த ஒரு காப்பித் தோட்டக்காரர். தமிழர்தான், நன்றாகப் படித்தவர், மனைவியும் அவரும் அருமையாக ஆடுவார்கள். உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் எங்களைப் போன்றவர்கள் விருந்தாளியாக உள்ளே போக முடியும். அவர் தாமாகவே வந்து கையெழுத்துப் போட்டபோது நாங்கள் பூரித்துப் போனோம். மதுரையில் புதுச் செருப்புத் தைத்தோம். என் கணவருக்குக் கோட்டு தைத்தோம். நான் சேலையில் ஆடுவதாக முடிவு செய்து, திரும்பும்போது தடுக்காமல் இருக்கக் கொசுவத்தை எங்கே ஊக்குப் போட்டு நிறுத்துவது என்று ஒரு மாதம் பழகினேன்.

போட்டியன்று நடுவராக வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் தோட்டக்காரர் எங்களை அழைத்துப் போனார். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் காட்டி, "இவங்கதான் நம்ம ஆறாவது ஜோடி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்ற நண்பரிடம் திரும்பி, தமிழில், "கணக்குக்குத்தான். கிழங்கு வண்டியில ஏறி வந்துட்டாங்க" என்றார். நண்பர் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. முதல் சுற்றிலேயே எங்களை உட்காரச் சொல்லிவிட்டார்கள். தோட்டக்காரர் எங்களிடம் வந்து, ஒத்தாசைக்கு நன்றி என்று மனமாரச் சொல்லிவிட்டு தேநீர் குடிக்கப் போனார்.

அவர் கெட்டவர் இல்லை என்று என் கணவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கலாம். கெட்டவர் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வருடம் எந்தெந்தப் போட்டிக்குப் போவது என்று தீர்மானிக்க இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். ஈஸ்டரில் கோயம்புத்தூர், மே மாதம் இங்கே, ஆகஸ்டில் மதுரை, கிறிஸ்துமஸ் வாரத்தில் திருச்சி. எல்லாவற்றுக்கும் போவது எங்களால் ஆகாது. கோயம்புத்தூரில் நல்ல தேக்குத் தளம், ஆனால் நடுவருக்குச் சேலை பிடிக்காது. கால் தெரியவில்லை என்பார். மதுரையில் சிமெண்டுத் தரை. கால் வழுக்கிக்கொண்டு போகப் போரிக் பவுடரை எவ்வளவு தூவினாலும் செருப்பு பிடித்துக்கொள்ளும்; போதாததற்கு ஆகஸ்ட் வெயில் வேறு, மலையில் இருந்து இறங்கிப் போகிற எங்களுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே நாக்கு வறண்டுவிடும். திருச்சியில் பாண்டு வாத்தியம் பிரமாதம். என் கணவர் இதையெல்லாம் யோசிப்பார், கிழங்கு அறுவடையையும் யோசிப்பார். நான் யோசித்தது ஒன்றே ஒன்று. அந்த வருடம் தோட்டக்காரர் எங்கே போகிறார்?

அவர் போகிற இடத்துக்குப் போனோம்; இங்கே கிளப்பில் கையெழுத்துப் போட வேறு உறுப்பினர் கிடைத்தார். முதல் மூன்று வருடம் தோற்கத்தான் போனோம் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு தோல்வியிலும் அவரைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. டேங்கோவில் அவர் மனைவி அரை நொடி முந்துவாள் என்பதும், மற்ற ஜோடிகள் நெருக்கினால் அவர் தோள் விறைத்துவிடும் என்பதும் இப்படித் தெரிந்துகொண்டவைதான். 1962 டிசம்பரில் திருச்சியில் அவர்களை நாங்கள் முந்தினோம். கை கொடுத்தார். "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே, நீங்களும் மலைதானா?" என்று என் கணவரிடம் கேட்டார். 1959-இல் தோட்டக்காரர் வாயில் இருந்து வந்த வார்த்தையை நான் மூன்றரை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவருக்கு எங்கள் முகமே நினைவில்லை. அன்று ஜெயித்த சந்தோஷம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

கொடைக்கானல் கோப்பையை 1963-இல் அவர் வென்றார். 1964-இலும் வென்றார், நாங்கள் இரண்டாவதாக வந்தோம். 1965-இல் ஜெயித்தால் கோப்பை அவருக்கே சொந்தம். தோட்ட பங்களாவின் கூடத்தில் அதற்காகவே கண்ணாடி அலமாரி செய்து வைத்திருக்கிறார் என்று தச்சு வேலை செய்தவரே என் கணவரிடம் சொல்லியிருந்தார்.

அதற்குள் கிளப்பும் மாறிவிட்டிருந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரர் ஆட்சியில் பதினைந்து ஜோடி வந்த போட்டிக்கு 1964-இலும் ஏழு ஜோடிதான். அதிலும் ஒரு ஜோடி, பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர்கள், அந்த டிசம்பரில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஏழில் ஒன்று போனால் எவ்வளவு என்று பார்க்க எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

1965 ஜனவரியில் வழக்கம்போல உட்கார்ந்தோம். என் கணவர் கோயம்புத்தூர் என்றார். அங்கே புது நடுவர் வருகிறாராம், சேலையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாராம், இந்த முறை நமக்குத்தான் என்றார். உண்மையிலேயே நல்ல வாய்ப்பு. நான் வேண்டாம் என்றேன். இந்த வருடம் ஒரே போட்டி, அது இங்கேதான் என்றேன்.

"சரி, இங்கயே ஆடுவோம். ஆடி ஜெயிப்போம்" என்றார்.

"ஜெயிச்சா வந்து கை குடுப்பாருங்க. எனக்கு அவரு கை வேண்டாம்."

என்ன செய்ய நினைக்கிறேன் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த கோயம்புத்தூர் சுற்றறிக்கையை மேசைமேல் வைத்தார். பிறகு, "ஏன் டீச்சர், ஆறு வருசமா இதேதான் சோலியா உங்களுக்கு?" என்றார். கோபம் வந்தால்தான் அவர் என்னை டீச்சர் என்பார். நான் ஆமாம் என்றேன். மற்ற நான்கு ஜோடி என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டார். அவர்களில் இருவர் 1959-இல் அங்கே நின்று அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் என்று சொன்னேன். கோயம்புத்தூர் சுற்றறிக்கையை மடித்து அடுப்பில் போட்டுவிட்டு எழுந்து போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மிஷன் நூலகத்தில் போர் வரலாறுகளை ஒன்று விடாமல் படித்தவள் நான். களத்தில் மோதுகிற கதைகளைவிட முற்றுகைக் கதைகள்தான் எனக்குப் பிடிக்கும். பெயர் கொடுக்காமல் இருந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். தோட்டக்காரர் மதுரையிலிருந்து யாரையாவது பிடித்துக்கொண்டு வந்து ஆறாவதாக நிறுத்திவிடுவார். ஆகவே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தோம். கிளப்பில் ஜோடிகளை எண்ணுவது பெயர் கொடுத்ததை வைத்து இல்லை. எல்லா ஜோடிகளும் கைகோத்துத் தளத்தைச் சுற்றி ஒரு அணிவகுப்பு நடப்பார்கள். அப்போது செயலாளர் எண்ணுவார். அதுவரை நாங்கள் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் இல்லாமல் போக வேண்டும்.

ஏப்ரல் முழுவதும் கிட்டங்கியில் மும்முரமாகப் பழகினோம். ஜன்னலைத் திறந்தே வைத்தோம், தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. இந்த வருடம் கிழங்கு ஜோடியிடம் ஜாக்கிரதை என்று யாரோ சொன்னார்களாம். அதற்குத் தோட்டக்காரர், போட்டி இருந்தால்தானே சுவாரசியம் என்றாராம்.

போட்டி மே மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஜன்னல் கண்ணாடிகளை வெளுப்பாக்கிவிட்டிருந்தது. ஈரத்தில் போரிக் பவுடர் கட்டி கட்டியாகி, வேலையாட்கள் முழங்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மயில் நீலப் பட்டு உடுத்தியிருந்தேன். கோப்பை வாத்திய மேடைக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தது. அதில் இரண்டு வருடத்துக்கு அவர் பெயர் பொறித்திருந்தது.

அணிவகுப்புக்கு வாத்தியம் தொடங்கியது. ஐந்து ஜோடி எழுந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். என் கணவர் பக்கத்தில் நின்றார். செயலாளர் வந்து கேட்டதற்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொன்னேன். அறுந்துதான் இருந்தது, வீட்டிலேயே கத்தரித்து, ஒரு நூலில் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

ஜோடி ஐந்துதான் என்றதும் தோட்டக்காரர் முகம் மாறியது. தளத்தைவிட்டு வெளியே போனார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்; காரில் இருந்த தன் மனைவியின் இன்னொரு ஜோடிச் செருப்பு கையில் இருந்தது. என் முன்னால் குனிந்து, அதைக் காலடியில் வைத்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடத்தில் நான் இதைக் கற்பனையில்கூட எதிர்பார்த்ததில்லை. எனக்குத் தானாகக் கிடைத்தது. அவசரமே படாமல் காலை நுழைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. கழற்றிவிட்டு, "சேரலைங்க" என்றேன்.

அவர் இன்னும் குனிந்தபடிதான் இருந்தார். "வெறுங்காலோட வந்தாக்கூடப் போதும் மேடம். நீங்க ஆட வேணாம். ஒரே ஒரு சுத்து நடந்துட்டு உட்கார்ந்துக்கங்க. கணக்குக்குத்தான்."

அதே சொல், அதே குரல். அவர் அறியாமல்தான் சொன்னார்.

"கணக்குக்கு நாங்க வர்றதில்லைங்க" என்றேன். "போன தடவை அப்படி வந்தப்ப நீங்க சொன்னதுக்கப்புறம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கணவர் முகத்தை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செயலாளர் மேடையேறி விதியை வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான் மனப்பாடமாக வைத்திருந்த அதே விதி. தோட்டக்காரர் செருப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேலையாள் ஒருவர் வந்து கோப்பையைத் துணியால் மூடி உள்ளே கொண்டுபோனார். பரிசில்லாமல் மற்றவர்கள் ஆடினார்கள். நான் கடைசிவரை இருந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இறக்கத்தில் வீட்டுக்கு நடக்கும்போது என் கணவர், "வெரசா நடங்க, பனி இறங்குது" என்று மட்டும் சொன்னார். வெறுங்காலுக்குக் கல் குத்தியது. தன் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கோட்டோடு வெறுங்காலில் நடந்தார்.

1966-இல் நான்கு ஜோடிகூடச் சேரவில்லை, போட்டியைக் கைவிட்டார்கள். அந்தக் கோப்பை அதன்பின் யாருக்கும் வழங்கப்படவில்லை. தோட்டக்காரர் இரண்டு வருடத்தில் தோட்டத்தை விற்றுவிட்டு பெங்களூர் போனார். நாங்கள் கோயம்புத்தூரில் ஒருமுறை ஜெயித்தோம், பிறகு மூட்டு வலி வந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அன்று அவர் வாயெடுத்தாரே, அது எதற்கு? 1959-இல் சொன்னது அந்த நொடியில் அவருக்கு நினைவு வந்ததா? நினைவு வரவில்லை என்றால் நான் செய்தது அவருக்கு வெறும் செருப்பு வார் கதை. ஏதோ ஒரு பெண் ஏதோ உளறினாள் என்று போயிருப்பார். அன்று கிளப் பாண்டில் டிரம் வாசித்தவர் பின்னாளில் பெங்களூரில் அவரைச் சந்தித்திருக்கிறார். நம் கொடைக்கானல் கோப்பையைப் பற்றிப் பேச்சு வந்ததாம். "அந்தம்மா ஞாபகம் வெச்சிருந்து அடிச்சுட்டாங்க" என்று தோட்டக்காரர் சொன்னதாக என்னிடம் சொன்னார். கேட்ட அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது. ஆனால் அதே டிரம்காரர் அடுத்த வருடம் இதையே என் கணவரிடம் சொன்னபோது, அது செயலாளர் சொன்னது என்றிருக்கிறார். தோட்டக்காரருக்கு நான் கடிதம் எழுதிக் கேட்கவில்லை; என்னவென்று கேட்பது? டிரம்காரர் இப்போது இல்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னவர் தோட்டக்காரர்தானா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.