கத்தச் சோற்றுக்கு எரிந்த பாட்டு மட்டைகள்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரியை எழுதி முடிக்கும்போது அதை எப்படித் தொடங்கினேன் என்பது மறந்து போகிறது. முன்னுக்குப் பின் மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. தாள் என்னைத் திருப்பிப் பார்க்காது என்பதால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் கற்பிட்டியில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். கலியாண வீடு, சுன்னத்து வீடு, தேர்தல் கூட்டம், தலவில தேவாலயத்துப் பெருநாள், எங்கே சத்தம் வேண்டுமோ அங்கே எங்கள் வீட்டுப் புனல்கள் தொங்கும். அந்தத் தொழிலுக்காக இசைத்தட்டு வாங்கத் தொடங்கியவர், கசெட் வந்து மற்றவர்கள் தங்கள் தட்டுகளைக் கழித்தபோது அவற்றையும் போய் வாங்கினார். சிலாபம், குருநாகல், கொழும்பு என்று அலைந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். தமிழ், சிங்களம், இந்தி, பைலா எல்லாம் இருந்தன. தெருப்பக்கத்துப் பெரிய அறை முழுக்க அலுமாரி. அலுமாரிக்கு மேலும் தட்டு, கட்டிலுக்குக் கீழும் தட்டு.

நல்ல மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். தட்டைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் என்றால் வாசற்படியில் நின்று, "இப்ப எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த அறையின் நிலத்தைக் கூட்டுவது என் வேலை. தட்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கறையான் வராமல் பார்ப்பதும் என் வேலைதான், தொடாமல் பார்க்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. என் உம்மா வந்திருக்கும் நேரம் பார்த்து, "இந்த வீட்ல அழாத புள்ளையள் இதுகள்தான்" என்று அலுமாரியைக் காட்டுவார்.

நாட்டில் சண்டை முடிந்து, கடற்கரை முழுக்க ஹோட்டல்கள் வந்த காலத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். மௌத்தாவதற்கு முன் தன் மூத்தவளான ராத்தாவையும் தம்பியையும் கூப்பிட்டு, என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார். வீடு அவர்களுடைய உம்மா வழியில் வந்தது, அது அவர்கள் இரண்டு பேருக்கும். ரெக்கோட் முழுவதும் இவளுக்கு. இவள் அதை விற்று வீட்டுக்கு விலை கொடுத்தால் இவளே இருக்கட்டும். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர் கண் மூடிய பிறகு அந்தத் தலையாட்டலுக்கு ஒரு கெடுவும் வந்து சேர்ந்தது. இத்தா முடிவதற்குள் நான் விலையைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மதினியின் மகள் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வருவாள். மதினி என்றால் அவருடைய ராத்தாதான்.

கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பதுதான் இத்தா. கணவருடைய தம்பியும் எனக்கு வெளி ஆள்தான். அதனால் நான் உள்ளறையில் திரைக்குப் பின்னால் இருந்தேன். என் சாமானை விற்கும் பேச்சு முழுவதும் திரைக்கு அந்தப் பக்கம் நடந்தது. நான் சொல்வதை மதினி வெளியே கொண்டுபோவார். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பது அவர் விருப்பம்.

எப்படி விற்பது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வங்கியில் வேலை செய்யும் சொந்தக்காரர் ஒருவர், ஒவ்வொன்றாகப் படம் எடுத்து போனில் போட்டால் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள் என்றார். அதற்கு வருடக்கணக்காகும். போத்தல், பேப்பர் எடுக்கிறவன் வாசலில் நின்று, கிலோவுக்கு நிறுத்துத் தாங்கோ என்று கேட்டான். மூன்றாவதாக ஒரு சிங்கள ஐயா, மாத்தயா என்போம், வந்தார். கொழும்புக்காரர், கடற்கரையில் ஹோட்டல் கட்டியவர். அறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஒன்றை இழுப்பதும் திருப்பிப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாகச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் பிறந்தது சிலாபம் பக்கம். சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும். மதினிக்குத் தெரியாது. மாத்தயா தம்பியிடம் சொன்னதை ஒரு சொல் விடாமல் நான் கேட்டேன். எல்லாவற்றையும் ஒரே முறையில் எடுப்பேன். ஒன்றையும் பிரிக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், வெயில் பட வேண்டாம். முக்கியமாக மட்டை உறைகள் கிழியக் கூடாது, உறை இல்லாத தட்டு எனக்குப் பாதித் தட்டும் இல்லை. காசு புரட்டிக்கொண்டு அடுத்த மாதம் வருகிறேன் என்றார்.

அன்றைக்கே நான் முடிவு செய்தேன். இவருக்கே, மொத்தமாகவே. மதினியிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார்.

அதற்குள் நாற்பதாம் நாள் வந்தது. மௌத்தானவர் பேரில் குர்ஆன் கத்தம் ஓதிச் சோறு கொடுக்க வேண்டும் என்று மதினி நின்றார். கத்தமெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று தம்பி நின்றார். அவர் அப்போதுதான் தாடி வைத்து, போனில் மார்க்கப் பயான் கேட்டுக்கொண்டு திரிந்தார். ஒரு கிழமை இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். சாவு எனக்கு, சண்டை அவர்களுக்கு. கடைசியில் மதினி வென்றார். ஆட்களைச் சஹன் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார வைக்கப் பெரிய அறையை ஒழிக்க வேண்டும் என்று அலுமாரிகளைத் திறந்தபோதுதான் அவர் அந்த உறைகளை ஒழுங்காகப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நடிகைமார். கொண்டை, பொட்டு, வெறும் தோள்.

"அல்லாஹ்வே, இத்தின பொம்பளையள வெச்சிக்கிட்டா என்ட தம்பி படுத்த?" என்றார்.

"ராத்தா, அந்த ஹோட்டல்காரன் என்ன சொன்னான் தெரியுமா? மட்டை கிழியப்படாதாம். அதுதான் முக்கியமாம்," என்றார் தம்பி.

"அப்ப அவன் பாட்டுக்கு வரல்ல."

"படத்துக்குத்தான் வாறான்."

வாழ்நாளில் ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் அந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். படம் இருக்கிற வீட்டில் ஓதினால் வானத்து மலக்குமார் வரமாட்டார்கள் என்பது மதினியின் கவலை. படத்தை விற்ற காசு ஹராம் என்பது தம்பியின் கவலை. கறுப்புத் தட்டில் முகம் இல்லை, அதை விற்கலாம், உறை சும்மா அரிசிக்குச் சாக்கு மாதிரி என்று தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். இதை நான் மறைக்க மாட்டேன்.

நான் திரையைப் பிடித்துக்கொண்டு மதினியைக் கூப்பிட்டேன். உறை இல்லாவிட்டால் அவர் வாங்க மாட்டார், எனக்கு வீடு இல்லாமல் போகும் என்று சொன்னேன். மெல்லத்தான் சொன்னேன், வெளியே ஆட்கள் இருந்தார்கள்.

மதினி என் தலை முக்காட்டைச் சரிசெய்துவிட்டார். "இத்தாவில இரிக்கிற பொம்பள யாவாரம் கதைக்கிற இல்ல புள்ள," என்றார்.

உள்ளறை ஜன்னல் கொல்லைப் பக்கம். அங்கேதான் அடுப்பு மூட்டியிருந்தார்கள். விறகு ஈரம் என்று சமையல்காரர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தம்பி உறைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து சோற்றுக் கிடாரத்துக்குக் கீழே தள்ளினார். காய்ந்த மட்டை நன்றாகப் பிடித்தது. ஒரு நடிகையின் முகம் முதலில் மஞ்சளாகி, பிறகு வாய்ப்பக்கம் சுருங்கி, சிரிக்கிற மாதிரி ஆகிக் கருகியது. என் கணவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை எரித்து, அவருடைய ரூஹுக்கே சோறு ஆக்கினார்கள். சோறு நன்றாக வெந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். தம்பி மட்டும் கத்தச் சோறு கூடாது என்று ஒரு பிடியும் வாயில் வைக்கவில்லை. எனக்கும் ஒரு பீங்கானில் வந்தது. பசியாக இருந்தது, தின்றேன்.

தட்டுகளை முற்றத்தில் தார்ப்பாயில் அடுக்கியிருந்தார்கள். ஆட்கள் கலைந்து, பாய் சுருட்டி, திரும்ப உள்ளே வைக்க அந்திக்கு மேலாகிவிட்டது. கற்பிட்டி வெயில் எப்படி என்று அங்கே கருவாடு காய வைத்தவர்களைக் கேட்டால் தெரியும். மேலே இருந்த தட்டுகள் பொரித்த பப்படம் மாதிரி நெளிந்திருந்தன. அடியில் இருந்தவற்றில் மணல்.

மாத்தயா சொன்னபடி வந்தார். அறைக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். உறை எங்கே என்று கேட்டதற்கு, சுத்தம் பண்ணிவிட்டோம் என்று தம்பி சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார். மாத்தயா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஹோட்டல் சுவரில் அழகுக்கு ஆணி அடித்து வைக்கலாம், கறுப்பு வட்டம் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு விலை சொன்னார். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தையல் மெஷின்கூட வராது. தம்பி அதற்கும் பேரம் பேசத் தொடங்கினார்.

அப்போதுதான் நான் பேசினேன். என்ன வந்தது எனக்கு என்று இன்றைக்கும் தெரியாது. திரைக்குப் பின்னால் இருந்தபடியே சிங்களத்தில், "மாத்தயா, உறையோடு இருந்திருந்தால் எவ்வளவு தந்திருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, மரியாதையாக அம்மா என்று அழைத்து, தொகையைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு அவர்கள் கேட்ட விலையை அதில் கொடுத்து, மிச்சத்தில் நான் சாகும்வரை ஒருவரிடமும் கை நீட்டாமல் இருந்திருக்கலாம். பாதி விலை மதினிக்குப் போயிருக்கும், அவர் மகளுக்குப் புது வீடே எழுப்பியிருக்கலாம்.

"என்ன சொல்றான்?" என்று மதினி தம்பியைக் கேட்டார். தம்பி நிலத்தைப் பார்த்தார். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததும் நானே தமிழில் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். இரண்டாவது தரம் தேவையில்லை, ஆசைக்குச் சொன்னேன்.

கதிரை கிரீச்சிடும் சத்தம் கேட்டது. மதினி உட்கார்ந்திருக்க வேண்டும். மாத்தயா காசை மேசையில் வைத்துவிட்டு, ஆட்களைக் கொண்டு தட்டுகளை லொறியில் ஏற்றினார்.

பிறகு மதினி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அழுதிருந்தார். என்னைப் பார்த்தவுடன் அழுகை நின்றது.

"உன்ட சத்தம் பிற ஆம்பிளைக்குக் கேட்டுப் போச்சு. கேள்வி வேற கேட்டிரிக்காய். இத்தா முறிஞ்சி போச்சு, புள்ள."

"அல்லாஹ்வுக்குத் தெரியும் மதினி," என்றேன்.

"முறிஞ்ச இத்தாக்கு இந்த வீடு என்னத்துக்கு? உன்ட தங்கச்சி ஊட்ல போய் இத்தாவ முதல்ல இருந்து இரி."

கத்தம் மார்க்கத்தில் இல்லை என்று ஒரு கிழமை கத்திய தம்பி, இது மார்க்கத்தில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் என்னை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று கண்ணாடிகளுக்குப் பாய் கட்டியிருந்தது. பாலாவி, உப்பளம், எதையும் நான் பார்க்கவில்லை. உப்பு வாடையை வைத்துத்தான் புத்தளம் வந்தது என்று அறிந்தேன்.

தில்லையடியில் தங்கச்சியின் பின்னறையில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று இத்தாவை முதல் நாளிலிருந்து மறுபடி இருந்தேன். அது முடிவதற்குள் மதினியின் மகள் கற்பிட்டி வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள். இப்போதும் தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறேன். அவளுடைய மருமகனுக்கு நான் இருமுவது பிடிக்காது.

இதில் சில இடம் பிழையாக இருக்கும். கத்தம் நாற்பதாம் நாளிலேயே நடந்ததா, அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையா என்பதில் எனக்குத் தடுமாற்றம். அந்தச் சமையல்காரர் இருந்தால் அவரைக் கேட்டுத் திருத்துங்கள், மதினியைக் கேட்க வேண்டாம். இன்னொன்றையும் தெரிந்தவர்கள் யாராவது மார்க்கக் கிதாபில் பார்த்துச் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் இருந்து ஒரு கேள்வி கேட்டால் இத்தா முறியுமா? முறியாது என்று தங்கச்சி யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். அவள் என் மனம் ஆறச் சொல்கிறவள். அதனால் வேறு ஒருவர் பார்த்தால் நல்லது.