தேர் ரோட்டில் தெரிந்த ஓடுபாதை

பேய்க்கதை சொல்பவர்களை வாய்விட்டுக் கிண்டலடிப்பவன் நான். விமானத்தில் துணை விமானியாக வேலை, கண்ணால் பார்ப்பதைக்கூட மீட்டரில் சரிபார்த்த பிறகே நம்பு என்று பழக்கிவிட்ட தொழில். அதனால் நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

அன்று சாயங்காலம், புதுச்சேரிக்கு மேலே மழை மேகம். காற்று திசை மாறிவிட்டதால் நேராக இறங்க முடியவில்லை; ஓடுபாதையை இடப்பக்கம் வைத்துச் சுற்றிக்கொண்டு போய் மறுமுனையிலிருந்து இறங்க வேண்டும். அப்படிச் சுற்றும்போது குறைந்தபட்ச உயரம் என்று ஒன்று உண்டு. ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே சுற்ற வேண்டும், நேராக இறங்கும் நிலைக்கு வரும்வரை அந்த உயரத்துக்குக் கீழே போகவே கூடாது, ஓடுபாதை கண்ணிலிருந்து மறைந்தால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும். பின்னால் விமானம் நிறையப் பயணிகள்.

என் சொந்த ஊரான வில்லியனூர்ப் பக்கம் வந்தபோது மேகம் எல்லாவற்றையும் மூடி, உடனே விலகியது. வலப்பக்கம், என் ஜன்னலுக்கு நேரே, இரண்டு வரிசை வெள்ளை விளக்குகள். பளிச்சென்று, நூல் பிடித்த மாதிரி.

கேப்டன், சென்னைக்காரர், பல வருட அனுபவசாலி, "ரன்வே தெரியுதுப்பா, இறக்குறேன்" என்று விமானத்தை அந்தப் பக்கம் திருப்பினார். எனக்கும் அது ஓடுபாதையாகத்தான் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடுபாதை இடப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? உற்றுப் பார்த்தேன். ஓடுபாதை விளக்கு தரையில் பொட்டுப் பொட்டாக இருக்கும். இவை குச்சி குச்சியாக நின்றன.

எங்கள் ஊரில் தேருக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, ட்யூப்லைட்டைச் செங்குத்தாகக் கட்டுவார்கள். எங்கள் அக்கா வீடு இருக்கிற ரோடு அது!

"மினிமம் சார்! அது ரன்வே இல்ல, ஊரு! ஏத்துங்க சார்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நல்லவேளை, கேப்டன் வாதாடவில்லை, உடனே ஏற்றிவிட்டார். விமானம் திரும்பும்போது குனிந்து பார்த்தேன். கீழே ஒரே இருட்டு, அந்த இரண்டு வரிசையும் இல்லை. நிஜ ஓடுபாதை இடப்பக்கம் தூரத்தில் மினுங்கியது. மறுபடி சுற்றி வந்து பத்திரமாக இறங்கினோம். கேப்டன் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் பல்லால் கடித்துத் திறந்தேன்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"உங்க ரோட்ல ட்யூப்லைட்டு போட்டுக்கிறாங்களாக்கா?"

"கட்டிக்கிறாங்கடா, இன்னும் கனெக்‌ஷனே குடுக்கல. மழைக்கு ஊரே கரண்ட் இல்லாம இருட்டா கெடக்குது. இன்னாத்துக்குடா கேக்கற?"

அவளே தொடர்ந்தாள்.

"வூட்டு மேலயே வந்துச்சே ஒரு ப்ளேனு, அது நீதானா? புள்ளைங்க அலறிகினு உள்ள ஓடிச்சிங்க. ஆமா, அந்த ஆளு யாருடா? உங்க ஏர்போர்ட்டு ஆளா?"

"எந்த ஆளு?"

"ரோட்டு நடுவுல நின்னுகினு, ரெண்டு கையிலயும் டார்ச்ச வச்சிகினு, வா வான்னு உன்ன கூப்ட்டுகினு இருந்தானே. நீ மேல ஏறுனதும் டார்ச்ச அணைச்சிட்டு போய்ட்டான்."

எங்கள் ஆட்கள் யாரும் அங்கே போகவில்லை. ஊரில் விசாரித்தும் அப்படி ஒருவனைத் தெரிந்தவர்கள் இல்லை.

எந்த ஊரில் இறங்கினாலும், விமானத்தை நிறுத்தும் இடத்தில் ஓர் ஊழியர் இரண்டு கையிலும் விளக்கை ஆட்டி எங்களை முன்னால் வரச்சொல்லி அழைப்பார். தினமும் பார்க்கிற காட்சிதான். இப்போதெல்லாம் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறவரை எனக்கு மூச்சு வருவதில்லை.