ஏரிக்கரையில் சேறு என்று சொன்னேன்

வேலைக்குப் போகிற பெண்ணை வழியில் எவனாவது மறித்தால், ஐயோ பாவம், பிழைக்கப் போனவள் என்பார்கள். சும்மா சைக்கிள் ஓட்டப் போனவளை மறித்தால், அங்கே அவளுக்கு என்ன வேலை என்பார்கள். மறித்தவனைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. இது எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரியும். தெரிந்ததால்தான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் எதிர்வீட்டுப் பெண்ணின் கை உடைந்தது.

சைக்கிள் அண்ணனுடையது. சென்னையில் வேலை பார்த்தபோது யாரிடமோ பழசாக வாங்கிவந்த கியர் சைக்கிள். பட்டை பட்டையாக டயர், நேரான ஹேண்டில். பெல் கிடையாது, கேரியர் கிடையாது, ஒரு குடம் தண்ணீர்கூட வைத்துக் கொண்டுவர முடியாது. தெருவில் அதற்கு எருமை சைக்கிள் என்று பெயர் வைத்திருந்தார்கள். பைக் வாங்கியதும் அண்ணன் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டான். நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு தறி. தறிப் பள்ளத்தில் காலை விட்டு அப்பா உட்காருவார். பக்கத்தில் நான். இரண்டு பக்கமும் வேறு நிறத்தில் பார்டர் வைத்த புடவை என்றால் ஒரே ஆள் நெய்ய முடியாது. அந்தப் பக்கத்து பார்டர் நூல் சுற்றிய நாடாக்கட்டையை இழைக்குள் விட்டு எடுப்பது என் வேலை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அதேதான். இடுப்பு மரத்துப்போகும். கண் முன்னால் நான்கு முழத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அதனால்தான் விடிகாலையில் ஒரு மணி நேரம் வெளியே போக வேண்டும் என்று கேட்டேன்.

"எங்க போவ?" என்றாள் அம்மா.

"சும்மா ஒரு சுத்து."

"சும்மா சுத்தறதுக்கு நீ இன்னா கோயில் மாடா?"

அப்பாதான், "போயிட்டு வரட்டும்மா, ஏழு மணிக்குத் தறியில இருந்தா சரி" என்றார். அம்மா விடவில்லை. "ஒரு நாள் ஒண்ணுன்னு காதுல விழுந்துச்சு, அந்த எருமையைப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள்.

கூரம் போகிற பக்கம் ஒரு ஏரி இருக்கிறது. அதன் கரைமேல் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே வயல். பாதை முழுக்கக் கல்லும் வேரும். இடையில் பனைமரங்கள், வேலிகாத்தான் புதர்கள். சாதாரண சைக்கிள் அதில் தடதடவென்று உதறும். எருமை சைக்கிள் அதற்காகவே செய்தது போல ஓடும். கரைமேலிருந்து சரிவில் அப்படியே இறக்கினால் வயிறு மேலே வந்து தொண்டையில் நிற்கும். அதற்காகவே தினமும் போனேன்.

எதிர்வீட்டுப் பெண் என்னைவிட நான்கு வயது சின்னவள். அவர்கள் வீட்டிலும் தறி. வீட்டுக்குள் தெலுங்கு, தெருவுக்கு வந்தால் தமிழ். நான் போவதைப் பார்த்து அவளும் தன்னுடைய கூடை வைத்த லேடீஸ் சைக்கிளோடு ஒட்டிக்கொண்டாள். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் கூட வருவாள். நான் சரிவில் இறங்கும்போது மேலேயே நின்று, "அக்கா, நீ சர்க்கஸ்ல இருக்க வேண்டியவ, தறியில வந்து மாட்டிக்கினே" என்று கத்துவாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு ஐப்பசி மாதம், அவள் வராத நாளில், கரைமேல் பாதிவழியில் பாதைக்குக் குறுக்கே ஒரு பனைமட்டை கிடந்தது. மரத்திலிருந்து விழுந்தது என்றுதான் நினைத்தேன். இறங்கி, ரம்பப் பல் போன்ற கருக்கு கையைக் கிழிக்காமல் நுனியைப் பிடித்து இழுத்தேன். புதருக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கட்டம் போட்ட லுங்கி. ஒருவனுக்கு மேல் பல் உடைந்திருந்தது. லுங்கிக்காரன் ஹேண்டிலைப் பிடித்தான். பல் உடைந்தவன் என் கழுத்தில் கையைப் போட்டான். செயின் வீட்டில் இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை என்றதும் மணிக்கட்டைப் பிடித்து வாட்சை இழுத்தான். வார் அறுந்தது. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். விடவில்லை. துப்பட்டாவைப் பிடித்தான்.

நான் லுங்கிக்காரனின் முட்டியில் உதைத்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. சைக்கிளைச் சரிவில் விட்டேன். சாதாரண சைக்கிளாக இருந்தால் அங்கேயே கவிழ்ந்திருக்கும். எருமை என்னைக் கொண்டுபோய் வயல் வரப்பில் சேர்த்தது. போகிற வழியில் முள் இரண்டு உள்ளங்கையையும் உரித்துவிட்டது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்னால் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். சொன்னால் சைக்கிள் போய்விடும்.

"கையில இன்னாடி?" என்றாள் அம்மா.

"முள்ளுல விழுந்துட்டேன்."

"வாட்ச்?"

"வாரு அறுந்துபோச்சு. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

ஆறு மணிக்கு எவன் கடையைத் திறந்துவைத்திருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. தறியில்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். உள்ளங்கை சொரசொரத்திருந்ததால் பட்டு இழை ஒட்டி ஒட்டி வந்தது. "கைக்கு எண்ணெய் போடும்மா, நூல் எழும்புது பார்" என்றார் அப்பா. எண்ணெய் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண் சைக்கிளோடு வந்து நின்றாள். அவளுக்கு என்ன சொல்வது? அவளிடம் சொன்னால் அவள் அம்மாவுக்குப் போகும். அவள் அம்மாவிடமிருந்து குழாயடிக்குப் போகும். குழாயடியிலிருந்து என் அம்மாவுக்கு வர அரை மணி நேரம் போதும்.

"ஏரிக்கரை வேணாம். மழையில ஒரே சேறு. சக்கரமே சுத்தாது" என்றேன்.

அவள் நம்பினாள். மழைக்காலம்தானே. பாலாற்றுப் பக்கமாகப் போக ஆரம்பித்தோம். மணல் லாரிகள் ஓடும் தார் ரோடு. அவளுக்குப் பிடிக்கவில்லை. "வாயெல்லாம் மண்ணு. தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைஞ்சா புட்டே அவிச்சிடலாம்" என்பாள். நான் சிரிக்க மாட்டேன். எனக்குப் பின்னால் எந்த பைக் சத்தம் கேட்டாலும் முதுகு விறைக்கும். எதிரில் கட்டம் போட்ட லுங்கி வந்தால் பிரேக்கில் கை போய்விடும். அந்த ஊரில் பாதிப் பேர் கட்டம் போட்ட லுங்கிதான் கட்டினார்கள்.

கார்த்திகை முடிந்து மழை நின்றது. வெயில் அடித்தது. எனக்கு அந்த வெயிலைப் பார்க்கவே பயமாக இருந்தது. நான் சொன்ன காரணம் என் கண் முன்னாலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"சேறு காஞ்சிருக்குமாக்கா?" என்று கேட்பாள்.

"இல்ல. ஏரி ஓரம்பா, அவ்ளோ சீக்கிரம் காயாது."

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதையே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய இரும்புக்காரனின் தராசு ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன். இப்படிச் சொல்லியே நாட்களைத் தள்ளினேன்.

மார்கழியில் ஒரு முகூர்த்தப் புடவை சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. விடிவதற்கு முன்பே அப்பா என்னைத் தறியில் உட்காரவைத்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு வாசலில் அவள் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

"உங்க பொண்ணு எங்க?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"உன்கிட்ட சொல்லலியா? ஏரிப் பக்கம் போச்சு. நேத்து எருமை மேய்க்கறவன் சொன்னானாம், சேறெல்லாம் காஞ்சிபோச்சின்னு."

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அப்பா மிதியை மிதித்தார். நாடா வந்தது. எடுத்தேன், திருப்பி விட்டேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். அவர்கள் தினமும் அங்கேயே நிற்பார்களா என்ன என்று சொல்லிக்கொண்டேன். ஆறு தடவை நாடா போய் வந்தது. ஆறு தடவை. இன்றைக்கும் அது எனக்குத் தெரியும். ஏழாவது தடவை நாடா வரும்போது நான் எழுந்துவிட்டேன்.

"எங்கம்மா போற? இழை அறுந்துடும்!" என்று அப்பா கத்தினார். நான் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

கரைக்குக் கீழே வரப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். புல் அறுக்க வந்த இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காதில் கம்மல் இல்லை. காது மடல் கிழிந்து ரத்தம் தோள்வரை வந்திருந்தது. வலது முழங்கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மேலே பாதையில் பனைமட்டை கிடந்தது. அவளும் என்னைப் போலவே சரிவில் விட்டிருக்கிறாள். ஒல்லி டயர். கூடை வைத்த சைக்கிள். பாதியில் கவிழ்ந்துவிட்டது.

என்னைப் பார்த்ததும், "சேறு இல்லக்கா" என்றாள். அதைத்தான் முதலில் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். என் அப்பாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். விஷயம் கேட்டு எழுத ஒரு ஏட்டு வந்தார். பேனாவைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்:

"காலங்காத்தால பொம்பளப் புள்ளைக்கு ஏரிக்கரையில இன்னாம்மா வேலை?"

அவள் அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். "இவகிட்டக் கேளுங்க சார். இவதான் என் பொண்ணை இழுத்துக்கினு சுத்தறவ. நாளைக்கு அந்தக் கையால நாடா தள்ள முடியுமா? யாரு சோறு போடுவா? இவ போடுவாளா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. ஏட்டின் மேலும் முழுசாக இல்லை. "வேலை ஒண்ணும் இல்ல சார். சைக்கிள் ஓட்டப் போனோம். அங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. ஒருத்தன் கட்டம் போட்ட லுங்கி. இன்னொருத்தனுக்கு மேல்பல் ஒடஞ்சிருக்கும். பனைமட்டையைக் குறுக்க போட்டு இறங்க வெப்பாங்க" என்றேன்.

"நீ பார்த்தியா?"

"ஐப்பசியில என்னையும் மறிச்சாங்க. வாட்சைப் புடுங்கினாங்க. துப்பட்டாவைப் புடிச்சாங்க. வீட்ல சொல்லல. இவகிட்டயும் சொல்லல. சேறுன்னு சொன்னேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். அவள் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கட்டிலில் இருந்தவள்தான் பேசினாள்.

"திருடன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேனாக்கா?"



அன்று சாயங்காலமே அண்ணன் சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினான். மறுநாள் குழாயடியில் விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. நான் குடத்தை வைத்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள். "நிறுத்தாதீங்க, என்கிட்டயே கேளுங்க" என்று முழுவதையும் உரக்கச் சொன்னேன். பிறகு பூ கட்டுகிற அம்மா, குளத்தில் விழுந்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருந்த தன் மூக்குத்தி அந்தக் கரையில்தான் பறிபோனது என்று சொன்னாள். கோடையிலேயே நடந்ததாம். தெரிந்தால் வீட்டில் பூக்கூடை தூக்கி விற்கப் போக விடமாட்டார்கள் என்று குளத்தின்மேல் பழி போட்டிருக்கிறாள். பால் ஊற்றுகிற பெண் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும்தான்" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

பூ கட்டுகிறவள் குளம் என்றாள், நான் சேறு என்றேன். அந்த இரண்டு நாய்களும் எங்கள் பொய்க்குப் பின்னால்தான் கோடையிலிருந்து மார்கழி வரைக்கும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. யாரும் வந்து சொல்லவில்லை.

பழைய இரும்புக்காரன் தெருவில் கூவிக்கொண்டு போனான், பல தடவை. அம்மா கூப்பிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் எதிர்வீட்டுப் பெண் லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கட்டுப் பிரித்து நாளாகியிருந்தது. முழங்கை முழுசாக நீளாது. நாடாவை இடது கையால் தள்ளப் பழகிக்கொண்டிருந்தாள்.

"போலாமாக்கா?"

"உங்கம்மா?"

"எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போன்னுச்சு. ஏரிப் பக்கம்னேன். திட்டிட்டு உள்ள போயிடுச்சு. நீ ஒண்ணு பண்ணு. சேறுன்னா சேறுன்னு சொல்லு, திருடன்னா திருடன்னு சொல்லு. ரெண்டையும் கலக்காதே."

நான் உள்ளே போய் எல்லோர் காதிலும் விழும்படி, "ஏரிக்கரைக்குப் போறோம். ரெண்டு பேரும்" என்றேன். அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

கரைமேல் ஏறியதும் அவள் பின்தங்கிவிட்டாள். நான் முன்னால் போனேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. பாதைக்குக் குறுக்கே ஒரு பனைமட்டை. பங்குனிக் காற்றில் மட்டை விழும். யாராவது போட்டாலும் அது அப்படித்தான் கிடக்கும். புதரில் ஒன்றும் அசையவில்லை. அசையாததே எனக்குப் பிடிக்கவில்லை.

"மட்டை கெடக்குது. யாரு போட்டதுன்னு தெரியல" என்றேன்.

"திரும்பிடலாம்" என்றாள்.

இருக்கையிலிருந்து இறங்காமலேயே திருப்பினோம். தார் ரோடு வரும்வரை இரண்டு பேரும் பின்னால் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, அதுக்குள்ளயா?" என்றார் அப்பா. அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்.

"வழியில மட்டை கெடந்துச்சு. பயமா இருந்துச்சு. திரும்பிட்டோம்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா ஒரு முடிச்சு போட்டார், இன்னொரு முடிச்சு போட்டார். "நாளைக்கு வேற பக்கமா போங்க" என்றார்.

முதலிலேயே சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லியிருக்க மாட்டார். சைக்கிளைப் பூட்டியிருப்பார். சைக்கிள் போயிருக்கும், அவள் கை நேராக இருந்திருக்கும். அந்தக் கணக்கு எனக்கு ஐப்பசியிலேயே தெரிந்திருந்தது.

ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் தறியில் உட்கார்ந்துவிட்டேன்.