இரண்டு பாதியும்

அக்டோபர் முழுவதும் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் கொரட்டூர் அன்பியத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். தினமும் மாலையில் அதைச் சுமந்து வருபவர் கோயில் கூட்டுகிற அம்மாள். ஒல்லி உடம்பு, வெடித்த பாதங்கள். சுரூபத்தை மேசையில் வைத்ததும் வாசலுக்குப் போய், நாங்கள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்றுகொள்வார். "இங்கதான் காத்து வருதும்மா" என்பார். செபமாலையில் ஒவ்வொரு செபத்தின் முதல் பாதியையும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து மறுபாதியைச் சொல்ல வேண்டும். சோபாவில் உட்கார்ந்து நாங்கள் அதை முனகுவோம். அவர் குரல் மட்டும் வாசலிலிருந்து கணீரென்று வரும்.

எந்த நாள் யார் வீடு என்று பட்டியல் போடுபவள் நான். ஏரிக்கரையில் அவருடைய ஒற்றை அறையில் உட்கார இடமிருக்காது என்று நானே முடிவு செய்து, எட்டு வருடமாக அவர் பெயரை எழுதாமலே இருந்தேன். போன வருடம் அவரே கேட்டார்.

"எங்க ஊட்டுக்கும் ஒரு நாள் போடும்மா."

போட்டேன். அன்று லேசான தூறல். எல்லோருக்கும் ஏதோ வேலை வந்துவிட்டது. எனக்கு ஆன்லைன் மீட்டிங்.

மறுநாள் எங்கள் வீட்டு முறை. சுரூபத்தோடு ஒரு தூக்குச்சட்டியும் கொண்டுவந்தார்.

"நேத்து செபம் நல்லா நடந்துச்சாம்மா?" கூசாமல் கேட்டேன்.

"யாரும் வர்லம்மா. ரெண்டு பாதியும் நானே சொல்லிக்கினேன். சுண்டல்தான் அப்டியே கீது, எல்லாருக்கும் குடு."

பிறகு வழக்கம்போல வாசலுக்குப் போய் நின்றார். நான் முதல் பாதியைத் தொடங்கினேன். மறுபாதி செருப்புகளுக்கு நடுவிலிருந்து கணீரென்று வந்தது.