ஞானசெல்வம் டீச்சர் பெயரில் ஒரு விளக்கு

செய்தி காலை ஆறு மணிக்கு, நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘ஞானசெல்வம் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்’ என்று போட்டு, கீழே கூப்பிய கைகள். நானும் ஒரு கூப்பிய கை போட்டேன். அதற்குப் பிறகுதான் என்ன படித்தேன் என்பதே உறைத்தது. பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

குழித்துறையில் ஆற்றுக்குப் பக்கத்திலிருந்த நம் பள்ளியில் அவர் விலங்கியல், நான் கணக்கு. இருபது வருடம் ஒரே ஆசிரியர் அறை. பள்ளிக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்கும் பாதை. பாதை நெடுகச் செம்பருத்தி வேலி. அந்த வேலியில் எந்தச் சிலந்தி எந்நேரம் விழித்திருக்கிறது, எந்நேரம் ஒளிந்திருக்கிறது என்று டீச்சர் ஒரு நோட்டில் குறித்துவந்தார். பட்டத்துக்காக அல்ல, பதவி உயர்வுக்காகவும் அல்ல. உங்களில் பலர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். முதலில் சிரித்தவன் நான்.

ஒருமுறை மகனுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் லீவு போட்டார். மத்தியானக் கணக்கெடுப்பை என்னிடம் ஒப்படைத்தார். கீழ்முனைச் செடிகளில் தடித்த பழுப்புச் சிலந்திகள் இருக்கும், பாருங்கள் என்றார். ஐந்து நாளும் போனேன்; ஒன்றையும் காணோம். கணக்கு வாத்தியார் என்ன செய்வான்? ஐந்து கட்டத்திலும் உருண்டையாகப் பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கையோடு வேலிக்குக் கூட்டிப்போய் ஒரு காய்ந்த குச்சியைக் காட்டினார். குச்சியில் ஒரு கணு. பேனா முனையால் மெல்லத் தொட்டதும் கணுவுக்குக் கால் முளைத்தது.

“இல்லைன்னு எழுதப்படாது சாரே. கண்டில்லைன்னு எழுதணும். நாம பாக்காததுக்கு அது இல்லாம ஆயிருமா?” என்றார்.

அந்தச் சிலந்தி இருட்டும்போது வலை கட்டும். விடிவதற்குள் வலையைத் தானே சுருட்டித் தின்றுவிட்டுக் குச்சிக்குத் திரும்பிவிடும். அதே செடியில் பகலில் இன்னொன்று, வலை நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வெயிலில் கூசாமல் உட்கார்ந்திருக்கும். இரவுக்காரனைச் சோம்பேறி என்று நான் கேலி செய்தபோது டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “கொளச்சல்ல ராத்திரி வலைக்குப் போறவன் பகல்ல ஒறங்கினா அவனை மடியன்னு சொல்லுவியளா?”

பிறகு பாதையின் மேல்முனையில், ரோட்டுப் பக்கம், ஒரு பெரிய எல்.இ.டி. விளக்கு வந்தது. இரவு முழுக்க எரியும். அந்த முனைச் சிலந்திகள் பொழுது விடிந்தும் வலையைச் சுருட்டாமல் இருந்தன. ஏழு மணிக்குக் கரிச்சான் குருவி வந்து ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போனது. “அதுக்கு ராத்திரி முடிஞ்சதே தெரியல்ல சாரே” என்றார். விடிவதற்கு இரண்டு மணிநேரம் முன்னால் விளக்கை அணைக்கச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதினார். அங்கே அதை வாங்கிய அதிகாரி வாசித்துவிட்டு, “எட்டுகாலிக்கு வேண்டி லைட்டை அணைக்கவா? யாரையாவது பாம்பு கடிச்சா டீச்சர் வருவியளா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த வருடம் மேல்முனை காலி. “கீழ்முனையாவது இருட்டா கெடக்கட்டும்” என்றார் டீச்சர். ஓய்வுபெற்ற பிறகும், முட்டு வலியோடு, அங்கே போய்க்கொண்டேயிருந்தார்.

இனிச் சொல்லப்போவது என் குற்றம். இரங்கல் கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். வளைகுடாவிலிருக்கும் பழைய மாணவர்கள் டீச்சர் நினைவாக ஏதாவது செய்ய விரும்புவதாகச் சொன்னார்கள். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மகன் எழுந்தான். “அம்மை டெய்லி நடந்த வழியாக்கும். கீழ்முனை இப்பவும் இருட்டா கெடக்கு. அம்மைக்க பேருல அங்க ஒரு லைட்டு போடணும்” என்று சொல்லி அழுதான். அம்மாவின் நோட்டை அவன் திறந்து பார்த்ததில்லை. எல்லோரும் தலையாட்டினீர்கள். அந்த அறையில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாயை அடக்கம் செய்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளையிடம் எட்டுக்கால் பூச்சிக் கதையை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். தீர்மானத் தாளில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

விளக்கு எரிகிறது. கம்பத்தில் டீச்சர் பெயர் கறுப்பு எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அந்தி மயங்கினால் தானே எரியும், நன்றாக விடிந்தால்தான் அணையும். சுவிட்ச் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். முதல் மாதம் பூச்சி மொய்த்துச் சிலந்திகள் கொழுத்தன. பயந்தது வீண் என்றுகூட நினைத்தேன். பிறகு கரிச்சான் வழி கண்டுகொண்டது.

மகன் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மஸ்கட் போய்விட்டான். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நோட்டும் அந்த ஒரு சொல்லும். தினமும் மத்தியானம் போய் ஒவ்வொரு காய்ந்த குச்சியையும் பேனா முனையால் தொட்டுப் பார்க்கிறேன். குச்சி குச்சியாகவே இருக்கிறது. பக்கத்தில் பகல்காரன் பெருக்கல் குறியோடு சௌக்கியமாக இருக்கிறான். மழை கூடுதலாக இருக்கலாம், வேறு செடிக்கு மாறியிருக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருப்பார். அவர் சொன்னபடியே ‘கண்டில்லை’ என்று எழுதுகிறேன். ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே சொல்தான்.

மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர். நான் கணக்கு வாத்தியார். அது பூஜ்யம்தான்.